ஒரே வீட்டு இங்கிலீஷ்

ஆறுதல்புரம் கோயிலில் அசனச் சாப்பாட்டுக்கு முந்தின நாள் காலையில், பந்தலுக்கு அடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்க, விறகு பிளப்பதாகச் சொல்லிவிட்டு வந்த ஆண்கள் ஊர்க்கதை பிளந்துகொண்டிருக்க, மைக் செட் ஜெபசிங் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக மைக்கை வாய்க்கு நேரே பிடித்து, தொழிலுக்கு வந்த நாள் முதல் சொல்லிவந்த "ஹலோ, ஹலோ, செக், செக்" என்பதைச் சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாயிலிருந்து வந்ததோ, இந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது என்றும், நெவர்தெலெஸ் மக்கள் நம்பிக்கையைக் கைவிடவில்லை என்றும் சொல்கிற நீளமான ஓர் இங்கிலீஷ் வாக்கியம். அது பந்தலைத் தாண்டி, பனங்காட்டைத் தாண்டி, செம்மண் மணல்மேடாகக் கிடந்த தேரியில் போய் விழுந்தது. யாரும் திடுக்கிடவில்லை. ஜெபசிங்கின் அம்மா செல்லக்கனி மட்டும் ஒரு காயை எடுத்து காம்பைக் கிள்ளிக்கொண்டே, "மைக்கு இந்த வருசம் நல்லா தெளிவா இருக்கு" என்றாள்.

ஆறுதல்புரம் கிறிஸ்தவர்களின் ஊர். அங்கே கோயில் என்றால் மணிக்கூண்டு வைத்த சர்ச்சுதான், ஐயர் என்றால் அந்தச் சர்ச்சின் போதகர்தான், அசனம் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை ஊரே சேர்ந்து பொங்கி ஊரே சேர்ந்து தின்கிற சாப்பாடுதான். அந்தக் கூட்டத்தில் அரிவாள்மணையில் உட்கார்ந்திருந்த எப்சிபாவுக்கு மட்டும் கை நின்றுவிட்டது. ஜெபசிங் அவள் புருஷன். அவன் சொன்ன வாக்கியம் அவளுடையது. முந்தின நாள் சாயங்காலம் வயலெட் டீச்சரின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நெவர்தெலெஸ் என்பதை முதலில் தப்பான இடத்தில் வைத்து, திட்டு வாங்கி, எடுத்துச் சரியான இடத்தில் வைத்து அவள் கட்டின வாக்கியம் அது. தன் பிள்ளையை வேறொருத்தி இடுப்பில் பார்த்தவள்போல அவள் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்சிபா பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வலி எங்கே இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, மூச்சை இழு, விடு என்கிற அளவுக்கு அவளிடம் சொந்த இங்கிலீஷ் உண்டு. லண்டனுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது, நடுவில் ஒரே ஒரு பரீட்சை நின்றது. சாதாரணப் பரீட்சை இல்லை. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு வாசல் வைத்து, இங்கிலீஷ்காரனே ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்துவிட்டுச் சொல்கிற விஷயத்தையெல்லாம் தேரிக்காட்டுப் பெண்களிடம் கேட்கிற உயர்ந்த பரீட்சை. பயிற்சிக் காலத்தில் தொடங்கிய ஆசை அது. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருத்தியாகப் போய்ச் சேர்ந்து பனியில் நின்று போட்டோ அனுப்ப, இவள் மட்டும் இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தாள். இந்தத் தடவை விட்டால் அந்த ஆஸ்பத்திரி காத்திருக்காது, அவளுக்கும் இனி வயது காத்திருக்காது. அதனால்தான் டூட்டி முடிந்ததும் நேராக வயலெட் டீச்சரிடம் தனி வகுப்புக்குப் போனாள்.

வயலெட் டீச்சர் மஸ்கட்டில் பள்ளிக்கூடம் நடத்திவிட்டுத் திரும்பியவள். தப்பான உச்சரிப்பு காதில் விழுந்தால் பல்வலி வந்தவள்போலக் கன்னத்தைப் பிடித்துக்கொள்வாள். பாடம் முடிந்து எப்சிபா களைத்து வீட்டுக்கு வரும்போது ஜெபசிங் கருப்பட்டிக் காபி போட்டு டம்ளரில் ஊற்றி வைத்திருப்பான். அவள் பாதி குடிப்பாள், மீதியை அவன் வாங்கி அதே டம்ளரில் அதே இடத்தில் வாய் வைத்துக் குடிப்பான். அந்த ஊரில் பெண்டாட்டிதான் புருஷன் எச்சிலைச் சாப்பிடுவாள், எதிர்ப்பக்கம் நடந்து யாரும் பார்த்ததில்லை. "பொண்டாட்டி எச்சியை வாய் வச்சிக் குடிக்கிற ஆம்பிள இந்தப் பூமியில இவன் ஒருத்தன்தான் இருப்பான்" என்று பக்கத்து வீட்டு ரூபிச் சித்தி சொன்னதைக் கேட்டு எப்சிபா கர்வப்பட்டிருக்கிறாள். அதற்குமேல் அவன் குடித்த டம்ளரை அவனே கழுவியும் கவிழ்த்துவிடுவான், அதற்கும் சேர்த்துக் கர்வப்பட்டிருக்கிறாள்.

ஸ்பீக்கரில் தன் வாக்கியத்தைக் கேட்ட அன்று சாயங்காலம் வகுப்பில் உட்கார்ந்ததும் வயலெட் டீச்சர் கேட்டாள். "நேத்து நடத்துனதைச் சொல்லு, எப்சிபா."

எப்சிபா வாயைத் திறந்தாள். வாயில் ஒன்றும் இல்லை. மறதி வந்தால் நாக்கு நுனியில் ஏதாவது உறுத்துமே, அந்த உறுத்தல்கூட இல்லை, கூட்டித் துடைத்த அறை மாதிரி இருந்தது.

"டீச்சர், அது எங்க வீட்டுக்காரவுககிட்ட இருக்கு."

வயலெட் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "நாளைக்கு மறக்காம எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனாள்.

ஆனால் எடுத்துவருவது எப்படி என்று எப்சிபாவுக்குத் தெரியவில்லை. அன்றன்றைக்குப் படித்தது அன்றன்றைக்கே போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் வகுப்பில் அவள் வாயில் இருந்தது காலையில் ஜெபசிங் வாயில் இருந்தது. அவன் பல் தேய்த்துக் கொப்பளித்துத் துப்பும்போதே ஒரு வாக்கியம் சொல்லுவான், அவளுக்கு அந்த வாக்கியத்தின் ராகம் மட்டும் தெரிந்திருக்கும், பொருள் தெரியாது. "அத்தான், அது நேத்து நான் படிச்சதா?" என்று கேட்பாள். "ஆமா எப்சி, நல்லாத்தான் படிச்சிருக்க" என்று அவன் பாராட்டுவான்.

இதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், கோடையில் யார் வீட்டுக் கிணற்றிலாவது திடீரென்று நல்ல தண்ணீர் ஊறினால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி எடுத்துக்கொண்டது. ஏன் ஊறியது என்று யாரும் கேட்கவில்லை, குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்து தமிழ் தெரியாமல் வளர்கிற பேரப்பிள்ளைகளோடு பேச வழியில்லாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்த கிழவர்கள் ஜெபசிங் வீட்டு வாசலில் வந்து உட்கார, அவன் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கத்துக் கொஞ்சலை அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்துச் சிணுங்கலை இந்தப் பக்கமும் மாற்றிக் கொடுத்தான். புதிதாக வாங்கிய மிக்ஸியின் விளக்கக் காகிதம், மருந்துப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் எறும்பு எழுத்துத் தாள், இரவல் வாங்கி வந்த வெளிநாட்டுக் கேமரா என்று எல்லாம் அவனிடம் வந்தது. நெவர்தெலெஸ் என்ற வார்த்தை ஊருக்குப் பிடித்துப்போய், பந்தியில் இரண்டாம் தடவை சோறு வைக்க வருகிறவர்களை மறிக்கும் கைக்குப் பக்கத்தில் அதையும் வைத்துக்கொண்டார்கள். "போதும் மயினி, நெவர்தெலெஸ்" என்றால், வற்புறுத்தினால் கொஞ்சம் வைக்கலாம் என்று அர்த்தம்.

கோயிலில்தான் ஒரு சின்னப் பூசல் வந்தது. ஊர்க் கடைசியில் தகரக் கொட்டகை போட்டு ஜெபம் நடத்துகிற பெந்தெகொஸ்தே பாஸ்டர், இது பரிசுத்த ஆவி தருகிற அந்நிய பாஷை வரம், ஆகவே ஜெபசிங் தங்கள் பக்கம் வரவேண்டியவன் என்று சொல்லியனுப்பினார். கோயில் ஐயர் இரண்டு நாள் யோசித்து, அந்நிய பாஷை என்பது யாருக்கும் புரியாதது, இதில் இலக்கணம் சுத்தமாக இருக்கிறது, இலக்கணம் இருப்பதால் இது வரம் ஆகாது, படிப்புத்தான் என்று தீர்ப்புச் சொன்னார். படிப்பு என்றால் படித்தது யார் என்று அவரும் கேட்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தவர்களும் கேட்கவில்லை.

இதற்கிடையில் ஆறுதல்புரத்து ஆண்களுக்குப் பெண்டாட்டிமேல் பாசம் பொங்கியது. வருஷக்கணக்காக மூஞ்சியைப் பார்த்துப் பேசாதவன்கூட மனைவியை வயலெட் டீச்சரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான், திரும்பி வந்ததும் காபி போட்டுக் கொடுத்தான், பாதியில் வாங்கித் தானும் குடித்தான். தெருவில் போகும்போது வீட்டுக்கு வீடு இந்தக் காட்சியைப் பார்த்து, தன் வீட்டு வழக்கம் ஊருக்கே ஒட்டிக்கொண்டது என்று எப்சிபா சந்தோஷப்பட்டாள், பாவம். மற்றப் பெண்கள் வகுப்பில் கொட்டாவி விட்டதால் அவர்கள் புருஷன்மாருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. தபால்காரர் பொன்ராஜுக்கு மட்டும் இறந்தகாலம் முழுசாக வந்து சேர்ந்தது, அதற்குப் பிறகு அவர் கொண்டுவந்த மணியார்டரைக்கூட என்றைக்கோ வந்து முடிந்துபோன விஷயமாகவே அறிவித்துக்கொண்டிருந்தார்.

எப்சிபா தன் கஷ்டத்தை மாமியாரிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "அத்தை, பரீட்சை எழுதப்போறது நானு. எங்கிட்ட ஒண்ணுமே நிக்க மாட்டேங்குதே."

செல்லக்கனி முறத்தில் உளுந்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "உங்கிட்ட இருந்தா என்ன, அவங்கிட்ட இருந்தா என்ன? ஒரே வீட்டு இங்கிலீஷ்தான. வெளிய போயிட்டுன்னா நீ அழணும், வீட்டுக்குள்ளதான இருக்கு?"

இந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவி, எப்சிபா எங்கே வாயைத் திறந்தாலும் இதையே எடுத்து அவள் வாயில் வைத்து மூடினார்கள். ஐயர் பெண்டாட்டி ஐயரம்மா சொன்னாள், ரூபிச் சித்தி சொன்னாள், ஆஸ்பத்திரியில் ஆயாக்கள் சொன்னார்கள். ஒரே வீடு என்பது உண்மைதானே என்று எப்சிபாவும் தன்னையே சமாதானம் செய்துகொண்டு, முன்னைவிடக் கவனமாகப் படித்தாள். அவள் கவனமாகப் படிக்கப் படிக்க ஜெபசிங்கின் இங்கிலீஷ் மெருகேறிக்கொண்டே போனது.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தாள். எப்சிபாவின் வார்டில், எப்சிபா மாதக்கணக்காகப் புண் துடைத்துக் கட்டிவந்த ஒரு பெரியவரின் காலைப் பார்த்து அந்த அம்மா என்னவோ நீளமாகக் கேட்டாள். எப்சிபாவுக்கு அந்தக் காலின் கதை முழுக்கத் தெரியும், எந்த மருந்துக்கு ஆறியது, எந்த மருந்துக்குச் சீழ் பிடித்தது எல்லாம் தெரியும், சொல்ல வார்த்தைதான் இல்லை. "பெயின், நோ பெயின்" என்று நின்றாள். பெரிய டாக்டர் அவளை ஒதுக்கிவிட்டு, கடைவீதியில் ஒரு கலியாணத்துக்குக் குழாய் கட்டிக்கொண்டிருந்த ஜெபசிங்கை வண்டி அனுப்பி அழைத்துவரச் செய்தார். தோளில் வயர் சுருளோடு வந்தவன் அவளிடம் தமிழில் கேட்டு, டாக்டரம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னான். அம்மா அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பெரியவர்கூட, "தம்பி வராட்டா என் காலு போயிருக்கும்" என்று கும்பிட்டார். ஜெபசிங் சிரித்துக்கொண்டு நின்றான், எப்சிபா பஞ்சையும் துணியையும் எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் கோயிலில் பெரிய நற்செய்திக் கூட்டத்துக்கும் ஏற்பாடு நடந்தது, வெளிநாட்டிலிருந்து பிரசங்கிகள் வருகிறார்கள், மொழிபெயர்ப்பது ஜெபசிங் என்று நோட்டீஸ் போட்டுவிட்டார்கள். கூட்டத்துக்கு முந்தின வாரம் அவன் கோவில்பட்டிப் பக்கம் ஒரு விழாவுக்கு மைக் செட்டோடு போய்விட்டான். எப்சிபா வகுப்பு முடிந்து வந்து தானே காபி போட்டு, வாங்கிக் குடிக்க ஆள் இல்லாததால் தானே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் காலையில் அது அங்கேயே இருந்தது. தெரிந்திருந்தால் செய்திருப்பேன், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று, நடந்து முடிந்ததை நடக்காத மாதிரி வைத்துப் பேசுகிற சிக்கலான பாடம். பல் தேய்க்கும்போதும் இருந்தது, பஸ்ஸிலும் இருந்தது, வார்டில் ஊசி போடும்போது மெல்லச் சொல்லிப் பார்த்தபோதும் இருந்தது. அடுத்த நாளும் நின்றது, அதற்கடுத்த நாளும் நின்றது. என்ன மாறியிருக்கிறது என்று யோசித்து, அடுப்படியில் தான் ஒருத்தியே முழுசாகக் குடித்துக் கவிழ்த்த டம்ளரைப் பார்த்ததும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. சந்தோஷத்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அத்தான் வந்ததும் சொல்லவேண்டும், கேட்டதும் அத்தான் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார் என்று நினைத்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அவன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அவன் வந்து இறங்கி, முற்றத்தில் உட்கார்ந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அத்தான், கண்டுபிடிச்சிட்டேன்."

"எதை?"

"காபிதான். என் எச்சியில ஒட்டிக்கிட்டு உங்களுக்கு வந்திருது அத்தான். நீங்க இல்லாதப்ப முழுசையும் நானே குடிச்சேன், எல்லாம் எங்கிட்டயே நின்னுட்டு."

அவன் வயரைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. "அது தெரியும்லா" என்றான்.

"எப்பருந்து?"

"மொத வாரத்துலருந்தே."

எப்சிபாவுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. கதவு என்று நினைத்துச் சுவரில் மோதினவள்போல நின்றாள். பிறகு மெதுவாக, "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள்.

"சொன்னா நீ மிச்சம் வச்சிருப்பியா?"

அவன் சுருளைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். குரல் இறங்கியிருந்தது. "நீ போயிட்டன்னா நான் திரும்பவும் வயரு சுத்துறவன்தான எப்சி. பந்தி எல்லாம் முடிஞ்சப்புறம் மிச்சத்துல சாப்பிடுறவன். இப்ப என்னை மேடையில ஐயருக்குப் பக்கத்துல உக்கார வைக்காங்க."

அவன் சொன்னது அத்தனையும் உண்மைதான், அதுதான் அவளை இன்னும் எரித்தது. அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது. அவன் எச்சிலை அவள் குடித்தால் படித்ததெல்லாம் திரும்பி வந்துவிடும், அதற்குத்தான் அவன் டம்ளரில் சொட்டு விடாமல் குடித்தான், குடித்த கையோடு கழுவிக் கவிழ்த்தான், தட்டையும் தானே கழுவினான். ஊர் மெச்சின பாசம் அத்தனையும் பூட்டுப் போடுகிற வேலை. அடுப்படியில் போய் மாமியாரிடம் சொன்னாள். செல்லக்கனி நிமிராமலே, "அது ஊருக்கே தெரியும்லாட்டி. உனக்குத் தெரியாதா?" என்றாள்.

ஊருக்கே தெரிந்திருந்தது. வீட்டுக்கு வீடு புருஷன்மார் பாதிக் காபிக்குக் கையை நீட்டினது எதற்கு என்று இப்போது எப்சிபாவுக்குப் புரிந்தது. ஐயரம்மாவுக்குத் தெரியும், ரூபிச் சித்திக்குத் தெரியும், பெரிய டாக்டருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒரே வீடு, ஒரே வீடு என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். வயலெட் டீச்சராவது தன் பக்கம் நிற்பாள் என்று ஓடினாள். வயலெட் டீச்சர் மேசை விரிப்பை நீவிவிட்டுச் சொன்னாள்.

"போன ஞாயித்துக்கிழமை அவன் பேசினதைக் கேட்டேன் எப்சிபா. என் உச்சரிப்பு அப்படியே இருந்துச்சு. மஸ்கட்டுல அத்தன வருசம் நடத்தினேன், ஒரு பிள்ளையும் என் பாடத்தை மேடையில ஏத்தினது இல்ல."

"அது என் பாடம் டீச்சர். பரீட்சைக்கு வச்சிருந்தது."

"பாடம் வீணாகலைல்லா" என்றாள் வயலெட் டீச்சர். அப்போதுதான் எப்சிபா அந்த வீட்டில் அழுதாள்.

அழுகையை வைத்துக்கொண்டு அவள் சும்மா இருக்கவில்லை. ஐயர் வீட்டுக்குப் போய், தன் இங்கிலீஷ் தனக்கு வேண்டும், ஊர் முன்னால் கேட்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கூட்டத்துக்கு நோட்டீஸ் போட்டாகிவிட்டது, விருந்தாளிகள் கிளம்பியாகிவிட்டது, இப்போது மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் ஊர் மானம் போகும். கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் எப்சிபா மதுரைக்குப் பரீட்சைக்குக் கிளம்புகிறாள், கிளம்புமுன் எல்லார் முன்னிலையிலும் ஜெபசிங் பாதி காபியைக் குடித்து மீதியை அவளுக்குத் தரவேண்டும் என்று முடிவானது. ஜெபசிங் தலையாட்டினான். எப்சிபாவும் தலையாட்டினாள், வேறு என்ன செய்வாள், பிடுங்குகிற சாமான் என்றால் பிடுங்கியிருப்பாள், இது அவன் வாய்க்குள் இருந்தது. அதோடு ஊரே சாட்சியாக நிற்கும்போது அவன் மாறமாட்டான் என்று அவளுக்குள் ஒரு பைத்தியக்கார நம்பிக்கை இன்னும் மிச்சம் இருந்தது.

கூட்டம் பிரமாதமாக நடந்தது. வெள்ளைக்காரர் ஒரு வரி சொல்ல ஜெபசிங் ஒரு வரி சொல்ல, யார் பிரசங்கி, யார் மொழிபெயர்ப்பாளன் என்று தெரியாத அளவுக்கு ஓட்டம். இருவரும் ஒரே இடத்தில் நிறுத்தினார்கள், ஒரே இடத்தில் கையை உயர்த்தினார்கள். கடைசி நாள் அந்த வெள்ளைக்காரர் மேடையிலேயே அவனைக் கட்டிப்பிடித்து, அடுத்த வருஷம் தங்கள் நாட்டுக்கு வரவேண்டும் என்று அழைத்தார். கீழே பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எப்சிபாவுக்கு அந்த அழைப்பை ரூபிச் சித்திதான் விளக்கிச் சொன்னாள், ஏனென்றால் ஊரில் அதைப் பற்றி முன்னமே பேசிக்கொண்டது சித்திக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் வீட்டு முற்றத்தில் ஊர் கூடியது. கூட்டத்துக்குக் கட்டின குழாய்கள் இன்னும் அவிழ்க்கப்படாமல் பஸ் ஸ்டாப் வரைக்கும் மரத்துக்கு மரம் தொங்கிக்கொண்டிருந்தன. விருந்தாளிகளும் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், இந்த ஊர் வழக்கம் ஏதோ நடக்கப்போகிறது என்று அவர்களுக்கு ஆசை. எப்சிபா நல்ல சேலை உடுத்தி, பையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள். செல்லக்கனி காபியை ஆற்றி டம்ளரில் ஊற்றி மகன் கையில் கொடுத்தாள்.

ஜெபசிங் டம்ளரை வாங்கினான். எல்லாரையும் ஒருமுறை பார்த்தான். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, டம்ளரை உதட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து, நூல் பிடித்தமாதிரி ஒரு சொட்டுச் சிந்தாமல் வாய்க்குள் ஊற்றினான். தொண்டை ஏறி இறங்கியது. சரியாகப் பாதி வந்ததும் நிறுத்தி, மீதியை அவளிடம் நீட்டினான்.

அன்னிய வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போதுதான் ஆறுதல்புரத்தில் அண்ணாந்து குடிப்பார்கள், தங்கள் எச்சில் அடுத்தவருக்குப் போகக்கூடாது என்பதற்காக. நடக்கப் பழகின பிள்ளைக்குக்கூட அங்கே இது தெரியும். சொந்த வீட்டில், சொந்த டம்ளரில் ஜெபசிங் ஒருநாளும் அண்ணாந்து குடித்ததில்லை. எப்சிபா டம்ளரைக் கையில் வாங்கிப் பார்த்தாள், விளிம்பு நனையாமல் இருந்தது. நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஐயர் பார்த்திருந்தார். ஐயரம்மா பார்த்திருந்தாள். ரூபிச் சித்தி, பொன்ராஜ், வயலெட் டீச்சர் எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

"குடிம்மா, ஆறிரும்" என்றாள் ஐயரம்மா.

எப்சிபா வாய் வைத்துக் குடித்தாள். அது வெறும் காபியாக இருந்தது.

"வந்துட்டா?" என்று செல்லக்கனி கேட்டாள்.

"அவிய வாய் வைக்கல" என்றாள் எப்சிபா. சத்தம் போடவில்லை, கூட்டத்தில் கடைசியில் நின்றவனுக்கும் கேட்கும்படி சொன்னாள். "அண்ணாந்து குடிச்சாவ. எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான நின்னிய."

முற்றத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஜெபசிங் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை பேரில் ஒருவராவது ஆமாம் என்று சொன்னால் போதும், இன்னொரு டம்ளர் காபி ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும். அவள் காத்திருந்தாள். ஐயர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, "மகள் நல்லபடியா பரீட்சை எழுதணும், ஜெபிப்போம்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் ஊர் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டது.

எப்சிபா மட்டும் மூடவில்லை. மூடின முகங்களை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, டம்ளரைப் படியில் வைத்து, பையை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவிலேயே நடந்து வெளியே போனாள். விலகி வழி விட்டார்கள், கண்ணைத் திறக்காமலே. பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் எங்கம்மா என்று கேட்க, தூத்துக்குடி போய் மதுரைக்கு மாறவேண்டும் என்றாள். பரீட்சையை அவள் விடப்போவதில்லை. தெரிந்திருந்தால் செய்திருப்பேன் என்கிற பாடமும், வார்டில் பேசுகிற நாலு வார்த்தையும் வைத்துக்கொண்டு எந்த வாசலையும் தாண்ட முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், இருந்தாலும் அந்த முற்றத்தில் நிற்பதைவிட அங்கே போய்த் தோற்பது மேல்.

பஸ் நகர்ந்தபோது மரத்துக்கு மரம் கட்டிய குழாய்கள் கரகரத்துவிட்டுப் பேச ஆரம்பித்தன. விருந்தாளிகள் இருப்பதால் ஐயர் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஜெபித்தார், ஜெபசிங் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னான். மகளுடைய நாவைத் திறந்தருளும் என்றார் ஐயர். அதை ஜெபசிங் சொன்னபோது, இவ்வளவு அழகான இங்கிலீஷைத் தான் எந்த நாளில் படித்தோம், எந்தத் திட்டு வாங்கித் திருத்திக்கொண்டோம் என்று எப்சிபா நினைத்துப் பார்த்தாள், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தன் பெயர் வந்த இடம் மட்டும் புரிந்தது. பஸ் தேரியைத் தாண்டித் தார்ச்சாலையில் ஏறும்வரைக்கும் அவன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, ஐயர் இன்னும் ஆமென் சொல்லவில்லை.